“எல்லாம் ஒரே பச்சைதான் சார்” என்றால் நம்பாதீர்கள்

படுக்கையறைக்குச் சாம்பல் கலந்த பச்சை அடிக்க நினைத்தோம். ஷேடு கார்டில் ஏறக்குறைய ஒன்றுபோல மூன்று கட்டங்கள். ஒன்றைப் பிடித்து, சாம்பிள் டின் வாங்கி, அட்டையில் இரண்டு கோட் அடித்து, பகலிலும் இரவிலும் பார்த்துத்தான் முடிவு செய்தேன். அதுவரை சரி.

கடைக்காரர் அந்தக் கம்பெனி சரக்கு இல்லை என்றார். “அதே கலரை வேறு பிராண்டில் மெஷின் வைத்துக் கலந்து தருகிறேன், இம்மி வித்தியாசம் இருக்காது.” எல்.ஆர்.வி. எண்ணும் ஒன்றுதான் என்று காட்டினார். சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்று 0 முதல் 100 வரை சொல்லும் எண் அது. பச்சையா, மஞ்சளா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அன்று எனக்கு அது தெரியாது. மூடியில் தொட்டு வைத்த பொட்டு கடை டியூப்லைட்டில் என் அட்டையோடு ஒத்துப்போனது. வாங்கிவிட்டேன்.

பகலில் குறையில்லை. இரவு 2700 கெல்வின் மஞ்சள் பல்பைப் போட்டதும் சுவர் சேற்று நிறமானது. என் அட்டை மட்டும் அப்படியே பச்சை. வெவ்வேறு நிறமிகளைக் கலந்தும் ஒரே நிறத்தைக் கொண்டுவரலாம். ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரிந்துவிடும். மெட்டமெரிசம் என்பார்கள். சாம்பல் பச்சையில் இது பளிச்சென்று தெரியும். கொஞ்சம் மஞ்சள் தூக்கினால் சேறு, நீலம் தூக்கினால் சிமென்ட்.

அதோடு விடவில்லை. பெயின்ட் போதவில்லை என்று இன்னொரு டின் வாங்கினேன். காய்ந்ததும் ஜன்னலோரம் திட்டாக நின்றது. இரண்டு டின்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மூடியில் பேனாவால் எழுதிய கலர் நம்பர் ஒன்றே, ஸ்டிக்கரில் அச்சான கலவை அளவு வேறு! கேட்டதற்கு, “நிழல் விழுது சார், அதான்” என்றார். எந்த நிழல் ராத்திரியிலும் நகராமல் நிற்கும்? கலந்த பெயின்டைத் திருப்பி எடுப்பதில்லை என்று கையை விரித்துவிட்டார்.

என் மேலும் தப்பு உண்டு. பார்த்தது ஒரு பெயின்ட், வாங்கியது வேறு. பிராண்டு மாறினால் சாம்பிளை முதலிலிருந்து போட்டு, உங்கள் வீட்டு பல்பின் கீழ் பாருங்கள். ஸ்டிக்கரைப் படம் எடுத்து வையுங்கள். எல்லா டின்களையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலந்த பிறகே ரோலரைத் தொடுங்கள்.

இப்போதைக்கு அந்தத் திட்டை மறைக்க பீரோவை நகர்த்தியிருக்கிறோம். ஜன்னல் கதவு பாதிதான் திறக்கிறது.