ஆர்டிஎக்ஸ் 4060: காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதானா?

2016-இல் வந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற நினைத்தவர்களைத் தட்டுப்பாடும் கிரிப்டோ மைனிங்கும் (கார்டுகளை ஓட்டிக் கிரிப்டோ நாணயம் சம்பாதிப்பது) தடுத்தன. 2021-இல் 329 டாலர் என்று அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3060, கடைகளில் அந்த விலைக்குக் கிடைத்ததே அபூர்வம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் மைனிங் நின்றது. 2023 ஜூனில் 4060 வந்தது, 299 டாலருக்கு.

விலை சரி, மெமரிதான் வயிற்றெரிச்சல். 3060-இல் 12 ஜிபி, மெமரிப் பாதையின் அகலம் 192 பிட்; இதில் 8 ஜிபி, 128 பிட். போதாததற்கு, மதர்போர்டோடு பேச எட்டே பிசிஐஇ லேன்கள் (டேட்டா போகும் தடங்கள்). கார்டு பிசிஐஇ 4.0 வகை; பழைய 3.0 மதர்போர்டில் டேட்டா போகும் வேகம் பாதியாகும். டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்புப் படங்களை) 'அல்ட்ரா'வில் வைத்து கார்டின் மெமரி நிரம்பினால், மிச்சம் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து அந்தக் குறுகிய வழியாகத்தான் வர வேண்டும். கேம் திக்கித் திணறும். டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மின்செலவில் குறையே இல்லை: 115 வாட்தான், 1060-ஐவிட 5 வாட் குறைவு. நல்ல பவர் சப்ளை இருந்தால் மாற்ற வேண்டாம். ஆனால் பல மாடல்கள் பவர் சப்ளையிலிருந்து 8 பின் மின் இணைப்பு கேட்கும். அது இல்லையென்று மோலெக்ஸ் (பழைய வகை 4 பின் இணைப்பு) அடாப்டர் போட்டு ஒப்பேற்றாதீர்கள்.

ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் சிபியு ஒரேயடியாக அணுகும் வசதி) வேண்டுமென்றால் பயாஸில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறைக்கான அமைப்பை) அணைக்க வேண்டும். விண்டோஸ் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பார்ட்டிஷன் வகையாக இருந்தால், அணைத்த பிறகு பூட் ஆகாது. முதலில் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய வகைக்கு மாற்றிவிடுங்கள்.

3.0 போர்டுக்காரர்கள் 12 ஜிபி 3060-ஐயும் விசாரித்துப் பார்க்கலாம்.