வீடு காலி செய்யும்போது மூன்றாம் ஆள் சோதனை: அட்வான்ஸைக் காப்பாற்றும் சேவை

வீடு காலி செய்யும்போது இரு தரப்பையும் சேராத ஒருவர் வந்து வீட்டைப் பார்த்து, சேதங்களைப் படங்களோடு அறிக்கையாக எழுதித் தருவதுதான் இந்தச் சேவை. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் முகம் கொடுத்துப் பேசாத கட்டத்தில் இது பெரிய உதவி. ஆனால் குடிவந்த அன்று எடுத்த படங்கள் இல்லையென்றால் ஒப்பிட எதுவுமே இருக்காது.

அறிக்கையின் பலமே தேய்மானக் கணக்குதான். 5 வருடம் தாங்கும் பெயின்டுக்கு 4 வருடம் ஓடிவிட்டதா? சுவரில் கிறுக்கியிருந்தாலும் பெயின்ட் செலவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அட்வான்ஸில் பிடிப்பது நியாயமில்லை. வெயிலில் மங்கிய சுவருக்குப் பிடித்தமே கிடையாது. சிங்க் அடியில் ஊறி உப்பிய பலகை என்றால், கசிவை யார், எப்போது சொன்னார் என்பதையும் கேட்டு எழுதுகிறார்கள். அருமையான வேலை!

குறை ஒன்று: படங்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன. அப்படி வந்தால் எடுத்த தேதி விவரம் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். மீட்டர் ரீடிங்கையும் சாவி எண்ணிக்கையையும் கேட்டு எழுத வையுங்கள். பாக்கி எதுவுமில்லை என்ற கையெழுத்து, பணம் கணக்கில் ஏறிய பிறகுதான்.