ஆடாசிட்டியிலிருந்து ரீப்பருக்கு மாறலாமா?

குரலைப் பதிந்து, இரைச்சல் நீக்கி, வெட்டி ஒட்டுவதுதான் வேலை என்றால் இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளான ஆடாசிட்டியே போதும். 3.2 பதிப்பு முதல் பாட்டு ஓடும்போதே எஃபெக்டுகளை மாற்றிக் கேட்கவும் முடிகிறது.

கீபோர்டை மிடியில் (ஒலியாக அல்ல, எந்தச் சுரத்தை எப்போது வாசித்தோம் என்ற குறிப்பாக) பதிந்து வாத்தியங்களை அடுக்குகிறவர்கள் தயங்காமல் ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளுக்கு மாறலாம். ஆடாசிட்டி 3-இல் மிடி பதிவு கிடையாது. வழக்கமான விண்டோஸ் பதிப்பில் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர் வகையான ஏசியோவும் இல்லை. ரீப்பரில் ஏசியோவைத் தேர்ந்து பஃபரை (ஒலியைச் சிறிது சேர்த்துவைத்து அனுப்பும் அளவை) 128 சாம்பிளுக்கு இறக்கினால், பாடுபவர் காதில் அவர் குரலே தாமதமாக விழும் தொல்லை பெரும்பாலும் தீரும். சடசடப்பு கேட்டால் 256 வையுங்கள்.

சிக்கல் பழைய பாடல்களில்தான். ஆடாசிட்டி பாடலைச் சேமித்துவைக்கும் ஏயுபி3 கோப்பை ரீப்பர் திறக்காது. ஒவ்வொரு டிராக்கையும் தனி வேவ் கோப்பாக எடுங்கள். தொடக்க வெற்றிடத்தை வெட்டும் தேர்வை அணைக்க மறந்தால், இரண்டாம் நிமிடத்தில் வரவேண்டிய கோரஸ் முதல் நொடியிலேயே ஒலிக்கும்.

ரீப்பரை 60 நாள் சோதிக்கலாம். தனிநபர் உரிமம் 60 டாலர். பாதியில் நிற்கும் பாட்டைப் பழையதிலேயே முடித்துவிட்டு, அடுத்ததைப் புதியதில் தொடங்குங்கள்.