ஆர்டிஐ ஆன்லைன் தளம்: பத்து ரூபாய் மனு எங்கே சிக்குகிறது?

மத்திய அரசு அலுவலகங்களிடம் 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் (ஆர்டிஐ) சட்டப்படி கணக்குக் கேட்க, ஆர்டிஐ ஆன்லைன் டாட் கவ் டாட் இன் தளமே இப்போது சுலபமான வழி. போஸ்டல் ஆர்டர், பதிவுத் தபால் அலைச்சல் இல்லை. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றிதழை இணைத்தால் அதுவும் வேண்டாம். பதிவு எண் கையோடு வந்துவிடும். ரயில்வே, அஞ்சல், வருமான வரி எல்லாம் இதில் அடக்கம். தாலுகா அலுவலகம், மாநகராட்சி, மின்வாரியம் வராது; அவற்றுக்கு மாநில அரசின் தளம் தனி. மாறிப் போட்டால் மனு திரும்பி வரும், பணம் வராது.

பெரிய குறை மொழி. மனு எழுதும் கட்டம் 3000 எழுத்துக்குறிகள் வரைதான் ஏற்கும். அதிலும் ஆங்கில எழுத்து, எண், சில குறியீடுகள் மட்டுமே. அந்தந்த வட்டார ஆட்சிமொழியில் மனு தரலாம் என்று சட்டத்தின் 6(1) பிரிவு சொல்கிறது. தளமோ தமிழ் எழுத்தைத் தள்ளிவிடுகிறது. தமிழ் மனுவை 1 எம்பிக்குள் பிடிஎஃப் ஆக்கி இணைத்து, கட்டத்தில் 'மனு இணைப்பில் உள்ளது' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி போடுவதுதான் மாற்றுவழி. கோப்பின் பெயரில் இடைவெளி இருக்கக் கூடாது. பணம் போய்ப் பதிவு எண் வராவிட்டால் 24 முதல் 48 மணி நேரம் பொறுங்கள். பதறிப்போய் இரண்டாம் முறை கட்ட வேண்டாம்.

ஆனால் பெரும்பாலான மனுக்கள் சிக்குவது தளத்தில் இல்லை, கேள்வியில். 'ஸ்டேஷன் லிஃப்ட்டை ஏன் இன்னும் சரிசெய்யவில்லை?' என்று கேட்டால், விளக்கம் சொல்வது எங்கள் வேலையில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். சட்டம் தரச் சொல்வது அலுவலகத்தில் இருக்கும் பதிவைத்தான். அதையே இப்படிக் கேட்கலாம்: '1-1-2025 முதல் 30-6-2025 வரை இந்த லிஃப்ட்டின் பராமரிப்புப் பதிவேட்டு நகல், ஒப்பந்ததாரருடன் செய்த ஒப்பந்த நகல், அவருக்கு அபராதம் விதித்த கடிதங்களின் நகல்.' யார் கடமை தவறினார் என்பதை இந்த மூன்று தாள்களே சொல்லிவிடும். ஒரு மனுவில் ஒரு விஷயம் போதும். ஏ4 நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். கோப்பு தடிமனாக இருக்கும் என்று தோன்றினால் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள்: முதல் மணி நேரம் இலவசம், பிறகு மணிக்கு 5 ரூபாய்.

பதிலுக்குக் கெடு 30 நாள். உயிர், சுதந்திரம் சார்ந்ததென்றால் 48 மணி நேரம். கெடு தாண்டினால் நகல்களை இலவசமாகத் தர வேண்டும் என்று 7(6) பிரிவு சொல்கிறது. அப்போதும் பக்கத்துக்குக் காசு கேட்டால் இந்தப் பிரிவை எழுதிக் காட்டுங்கள்.

தளத்தில் மனு 'முடிக்கப்பட்டது' என்று காட்டுவதை நம்பி உட்காரக் கூடாது. பதில் கோப்பைத் திறந்தால் பாதிக் கேள்விக்கு ஒன்றுமே இருக்காது. உடனே அதே பதிவு எண்ணில் முதல் மேல்முறையீடு போடலாம். 30 நாளுக்குள், கட்டணமில்லாமல். காரணப் பட்டியலில் 'பதில் வரவில்லை', 'முழுமையற்ற தகவல்' போன்றவற்றில் பொருந்துவதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். முடிவெடுக்க மேல்முறையீட்டு அதிகாரிக்கு 30 நாள், மிஞ்சினால் 45.

அவரால் தகவல் தரச் சொல்ல முடியும், அபராதம் போட முடியாது. மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 என்று விதிக்கும் அதிகாரம் தகவல் ஆணையத்துக்கே உண்டு. இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள் அவகாசம். அதை இந்தத் தளம் வாங்காது, மத்திய தகவல் ஆணையத்தின் தளத்தில்தான் போட வேண்டும். முதல் மனு, பதில், மேல்முறையீட்டு உத்தரவு மூன்றையும் இங்கிருந்து முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அங்கே இணைக்கத் தேவைப்படும்.