மணாலி – லே சைக்கிளில்: குழுவோடா, தனியாகவா?

போன ஆகஸ்ட்டில் இமாச்சலத்தின் மணாலியிலிருந்து லடாக்கின் லே வரை சைக்கிளில் போய் வந்ததிலிருந்து ஒரே கேள்வியைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பணம் கட்டி, லீடர், சப்போர்ட் வண்டி எல்லாம் உள்ள குழுவோடு போவதா, இல்லை கேரியரில் பைகளைக் கட்டிக்கொண்டு நாமே கிளம்புவதா? நான் போனது குழுவோடு. ஒன்பது பேர் சைக்கிளில். கூட லீடர், மெக்கானிக், சமையல்காரர், பின்னால் ஒரு டெம்போ டிராவலர். ஆகவே என் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ரகசியம் ஏதுமில்லை.

எல்லோருக்கும் தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். செலவு தனியாகப் போனால்தான் குறைவு, அதில் பேச்சே இல்லை. சாப்பாட்டுக்கு இரண்டு வழியிலும் பிரச்சினை கிடையாது. சீசனில் பாராசூட் துணி போர்த்திய தாபாக்களில் பருப்பும் சோறும் ஆம்லெட்டும் மேகியும் கிடைக்கும். பஞ்சர் ஒட்டத் தெரியாதவர் எப்படிப் போனாலும் முதலில் அதைக் கற்றுக்கொள்வது நல்லது. சுமை விஷயத்தில் மட்டும் வித்தியாசம் பெரிது. மணாலி சுமார் 2,050 மீட்டர், ரோதாங் கணவாய் 3,978 மீட்டர். ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் 1,900 மீட்டர் ஏற்றம். இதைத் தண்ணீர் பாட்டிலும் ஒரு ஜாக்கெட்டுமாக மிதிப்பது ஒன்று, பதினைந்து கிலோ மூட்டையோடு மிதிப்பது வேறொன்று. (வாடகை சைக்கிள் எடுத்தாலும் சீட்டை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள். மூன்றாம் நாள் என்னை நினைத்துக்கொள்வீர்கள்.)

ஆனால் சுமைக்காக நான் குழுவைச் சொல்லவில்லை. கால் வலு உள்ளவர்கள் சுமையோடும் ஏறிவிடுவார்கள். என் காரணம் அந்தச் சாலையின் அமைப்பில் இருக்கிறது.

தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ரோதாங்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேலாங் ஊருக்குள் நுழையும்போதே அதைத் தாண்டி 3,000-க்கு மேல் போய்விடுவோம். அதற்குப் பிறகு இரவு தூங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கேலாங்கை அடுத்து வரும் ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். அடுத்த பெரிய முகாமான சார்ச்சு 4,290. நடுவில் ஓரிரண்டு இரவு நிறுத்தாமல் போனால் கணக்கு அங்கேயே உதைக்கும்.

அது மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். தலைவலி, வாந்தி அதிகமானால் கீழே இறங்கு என்பதுதான் எந்த மலையிலும் சொல்லும் வைத்தியம். சார்ச்சுவில் கீழே என்று ஒரு திசையே கிடையாது! வந்த வழியே திரும்பினால் கிட்டத்தட்ட 4,900 மீட்டரில் பாராலாச்சா லா (லா என்றால் கணவாய்). முன்னால் போனால் காட்டா லூப்ஸின் 21 கொண்டை ஊசி வளைவுகள், நகீ லா, பிறகு 5,000-ஐத் தாண்டும் லாச்சுலுங் லா. அதைக் கடந்து இறங்கினால் வருகிற பாங்கும் 4,600-ஐ ஒட்டித்தான். அங்கிருந்து லே போக 5,300-க்கு மேல் தங்லாங் லா. ஆக, நோயாளியை இறக்க வேண்டும் என்றால் முதலில் ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றி வேகமாக இறக்க மோட்டார் வண்டியால்தான் முடியும். நிற்கவே முடியாதவன் மிதித்து ஏறப் போவதில்லை.

சார்ச்சுவில் எங்களுக்கு அது நடந்தது. குழுவிலேயே வேகமாக ஓட்டியவன் ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும். அன்று மாலை சாப்பாட்டைத் தொடவில்லை. “வெறும் தலைவலிதாண்ணே, படுத்தா சரியாயிடும்” என்றான். இரவு இரண்டு மணிக்கு வாந்திச் சத்தம். லீடர் டார்ச்சோடு வந்து ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டினார். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. டென்டுக்கு வெளியே தரையில் ஒரு கயிற்றை நேராகப் போட்டு, குதிகாலை முன்கால் விரலோடு ஒட்டி ஒட்டி வைத்து அதன் மேல் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் பையன் பக்கவாட்டில் சாய்ந்தான், நான்தான் பிடித்தேன். மூளையில் நீர் கோக்கத் தொடங்கினால் தெரியும் முதல் அடையாளங்களில் இந்தத் தள்ளாட்டமும் ஒன்று என்று அப்புறம் சொன்னார்கள். கால் மணி நேரத்தில் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு வண்டி கிளம்பிவிட்டது. பாராலாச்சாவை இருட்டிலேயே தாண்டி, விடிந்த பிறகு கேலாங் ஆஸ்பத்திரி. வழியில், ஜிஸ்பாவுக்குச் சற்று முன்னால் வரும் தார்ச்சா நெருங்கும்போதே பசிக்கிறது என்றானாம்.

தனியாகப் போகிறவர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: கை காட்டினால் லாரிக்காரர்கள் ஏற்றிக்கொள்வார்கள். பகலில் அது உண்மை, அந்தச் சாலையில் யாரும் யாரையும் விட்டுவிட்டுப் போக மாட்டார்கள். பாங்கில் ராணுவ முகாம் உண்டு, அவசரத்துக்கு அவர்களும் கைகொடுப்பார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு லாரி ஏது? தார்ச்சாவுக்கு அப்பால் போன் சிக்னலை நம்ப முடியாது. சாட்டிலைட் போனை அரசு அனுமதி இல்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். காட்டா லூப்ஸில் சின்னக் கோயில் மாதிரி ஒன்று இருக்கிறது; சுற்றிலும் தண்ணீர் பாட்டில் குவியல். பழுதான லாரியில் நோயோடு விட்டுவரப்பட்ட கிளீனர், உதவி தேடிப் போன டிரைவர் பனியில் மாட்டித் திரும்புவதற்குள் தாகத்தோடு செத்துப்போனான் என்பது கதை. கதையோ நிஜமோ, சார்ச்சுவை விட்டுக் கிளம்பிய அன்றே அதைப் பார்த்தபோது நாங்கள் யாரும் போட்டோ எடுக்கவில்லை.

குழுவுக்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும், அதுவும் இதே உயரக் கணக்குதான். குழுவின் அட்டவணை உங்கள் உடம்பைக் கேட்டுப் போட்டதல்ல. தனியாகப் போகிறவர் தலை கனத்தால் ஜிஸ்பாவுக்கும் சார்ச்சுவுக்கும் நடுவிலுள்ள பட்சியோவிலேயே டென்ட் அடித்து இன்னொரு நாள் கிடக்கலாம். நாங்கள் அன்று எட்டு பேர் கிளம்பினால் ஒன்பதாவது ஆளும் கிளம்பத்தான் செய்வான், வெட்கத்துக்காகவாவது. அந்தப் பையன் ஜிஸ்பாவிலேயே தலைவலியை மறைத்தான் என்பது என் சந்தேகம். பொறுமையும் உடம்பைக் கவனிக்கும் பழக்கமும் உள்ள ஒருவர், இரண்டு மூன்று பேராக, நாள் கணக்குப் பார்க்காமல் போனால் எங்களைவிடப் பத்திரமாகப் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படிப் போய் வந்த நண்பர் ஒருவர் பதினாறு நாள் எடுத்துக்கொண்டார், தலைவலிகூட இல்லை. நான் மூட்டை கட்டிப் போனது கேலாங் வரைக்கும்தான், அதுவும் வேறொரு வருடம். அதற்கு மேல் தனிப் பயணத்தின் சுகத்தைப் பற்றி நான் சொல்வது கேள்வி ஞானம்.

ஒன்று மட்டும் என் அனுபவத்தில் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு லீடர் எல்லோரையும் விரட்டியதை நான் சபித்தேன். மதியத்தில் பனி உருகிச் சாலையைக் கடக்கும் ஓடைகள் முழங்கால் வரை ஏறுவதைப் பார்த்த பிறகு நானே அலாரம் வைக்க ஆரம்பித்தேன்.

குழு என்று முடிவு செய்தால், சைக்கிள் மாடலைப் பற்றி விசாரிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ஜிஸ்பாவில் இரண்டு இரவு உண்டா? ஜிஸ்பாவுக்கும் சார்ச்சுவுக்கும் நடுவில் ஓர் இரவு உண்டா? சிலிண்டர் எத்தனை? வண்டி ராத்திரி முகாமிலேயே நிற்குமா? கடைசியாக, வண்டி ஒன்றா இரண்டா? இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பையனைக் கொண்டுபோன வண்டி மறுநாள் சாயங்காலம்தான் திரும்பியது. அதுவரை 4,290 மீட்டரில் எட்டு பேரும் ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, “தலை வலிக்குதா?” என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.