தாதியர் பட்டம் முடித்து வீட்டில் இருப்பவர்களே, அனுபவச் சான்றிதழ் ‘செய்து தருபவர்களிடம்’ போகாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் தாதியர் படிப்பை முடித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் தங்கைகளும் தம்பிகளும் இதைக் கடைசிவரை வாசியுங்கள். 225,000 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். என் பட்டமும் அதோடு போயிருக்கும், மயிரிழையில் தப்பியது.

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தது 2020இல். எங்கள் அணிக்கு நியமனம் வந்த நேரம் அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்திருந்தன. எனக்குக் கிடைத்தது தூர மாவட்டம். அம்மாவால் தனியே அவரைத் தூக்கி நிமிர்த்த முடியாது. நான் போகவில்லை. கிழமைக்கு இரண்டு நாள், களுவாஞ்சிகுடியிலிருந்து விடியற்காலை பஸ்ஸில் அப்பாவைப் போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப் போவேன். இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தில் நான்கு மணித்தியாலம் இருப்பார். குடிக்கும் தண்ணீரை அளந்து கொடுப்பதும், எடையைக் குறித்து வைப்பதும், ஃபிஸ்டுலா (சுத்திகரிப்புக்காக இரத்தக் குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையில் யாரும் பிரஷர் பார்த்துவிடாமல் தடுப்பதும், காலையும் மாலையும் அந்த இடத்தில் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலை. 2023 மார்கழியில் அப்பா போய்விட்டார்.

அதன் பிறகு வேலை தேடினேன். தனியார் வைத்தியசாலைகளில் சான்றிதழைப் புரட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: “மூன்று வருடம் என்ன செய்தீர்கள்?” அப்பாவைப் பார்த்தேன் என்றால், “அது அனுபவத்தில் சேராதே, பிள்ளை” என்பார்கள். பத்துப் பன்னிரண்டு இடம் ஏறி இறங்கியிருப்பேன். அப்படி மனம் விட்டுப்போய் இருக்கும் நேரம் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள்.

நகரத்தில் ஒரு மாடி அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அன்பாகத்தான் பேசினார். “தங்கச்சி, உங்களுக்கு இருக்கிற குறை இந்த இடைவெளி மட்டும்தான். அதை நாங்கள் நிரப்பித் தருகிறோம். ஆறு மாதத்தில் வளைகுடாவில் வைத்தியசாலை வேலை.” பதிவுக்கு 25,000, ஃபைலுக்கு 80,000, அனுபவத்துக்கு 120,000. அம்மா தன் இரண்டு காப்பையும் கழற்றி அடகு வைத்தார். அனுபவம் என்றால் ஏதாவது ஒரு வைத்தியசாலையில் வேலைக்குச் சேர்த்துவிடுவார்கள் என்று நினைத்தேன். அனுப்பியது ஒரு முதியோர் இல்லத்துக்கு. மூன்று மாதம் சம்பளமே இல்லை. படுக்கைப்புண் வந்த ஐயாமாரைப் புரட்டிப் படுக்க வைத்து மருந்து கட்டினேன். அந்த வேலையில் எனக்குக் குறையில்லை.

பிறகு கூப்பிட்டு ஒரு கடிதம் தந்தார்கள். கொழும்பிலுள்ள ஒரு வைத்தியசாலையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் இரண்டு வருடம் வேலை செய்ததாக எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்தும் போட்டிருந்தது. அந்தக் கட்டடத்தின் வாசலைக்கூட நான் கண்டதில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் கிளினிக் கொப்பியை எடுத்தேன். மூலை சுருண்டு, தேநீர்க் கறை பட்ட கொப்பி. கடிதத்தில் நான் கொழும்பில் நின்றதாகச் சொன்ன ஒவ்வொரு கிழமையிலும் இரண்டு திகதி அதில் இருந்தது. பக்கத்திலேயே என் கையெழுத்தில் அப்பாவின் எடை. அந்தக் கடிதத்தை ஒப்புக்கொண்டால் அப்பாவோடு இருந்த நாள்களே பொய் என்றாகிவிடும். அன்று நெடுநேரம் அழுதேன்.

மறுநாள் போய்க் கேட்டதற்கு, “எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள், யார் தேடிப் பார்க்கப் போகிறார்கள்?” என்றார். தேடிப் பார்க்கிறார்கள். வளைகுடா நாடுகளில் தாதியாக வேலை செய்ய அந்த நாட்டுச் சுகாதார அதிகாரசபையின் உரிமம் வேண்டும். அதற்கு முன் டேட்டாஃப்ளோ என்ற சரிபார்ப்பு உண்டு. சான்றிதழ் தந்த இடத்திடமே நேரடியாகக் கேட்பார்கள். பொய் என்று தெரிந்தால் தடைப்பட்டியலில் பெயர் ஏறும். உண்மையாகப் படித்து வாங்கிய பட்டமும் பிறகு உதவாது.

உரிமம் வர முதலே விசிட் விசாவில் போகச் சொன்னதும் அதே ஆள்தான். அப்படிப் போயிருந்தால் ஏதோ ஒரு வீட்டில் வேலைக்கு நின்றிருப்பேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் பற்றுச்சீட்டைச் சரியாகப் பார்த்தேன். மூன்றிலும் “சேவைக் கட்டணம்” என்று மட்டும் இருந்தது. வேலை என்றோ, நாடு என்றோ ஒரு சொல் இல்லை. பொலிஸிலும் முதலில் அதைத்தான் கேட்டார்கள். காசு கொடுக்கும்போதே எதற்கு என்று எழுதி வாங்குங்கள். அதற்கும் முன்னால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்து, அந்த முகவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் அழைத்தது காசு போன பிறகு. அப்படி ஒரு பெயரே அவர்களிடம் இல்லை.

இப்போது கல்முனைப் பக்கம் ஒரு சிறிய மருத்துவ நிலையத்தில் இரவுப் பணி பார்க்கிறேன். நேர்முகத்தில் இடைவெளியை மறைக்காமல் சொல்லி, கிளினிக் கொப்பியையும் காட்டினேன். அங்கிருந்த மூத்த தாதி அம்மா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, “எடையெல்லாம் நீங்களா எழுதினீர்கள்?” என்று கேட்டார். சம்பளம் குறைவு. காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

பொலிஸிலும் பணியகத்திலும் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். “சேவைக் கட்டணம்” என்று எழுதிய இதே மாதிரிப் பற்றுச்சீட்டு உங்களிடமும் இருந்தால், வெட்கப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு நீங்களும் போய் முறையிடுங்கள்.