காயங்கேணிப் பாறையா, மூழ்கிய எண்ணெய்க்கப்பலா?

பாசிக்குடாவில் படகேறும் சுழியோடிக்கு இரண்டு தெரிவுகள் உண்டு: வடக்கே காயங்கேணியின் முருகைக்கற்பாறை, அல்லது கரையை விட்டு விலகி ஆழத்தில் கிடக்கும் ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க்கப்பல். இரண்டிலும் இறங்கிய பிறகு நான் காயங்கேணியையே தெரிவு செய்கிறேன்.

கப்பலின் கதை இங்கு பலரும் அறிந்ததே. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் விமானந்தாங்கியை மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்தன; அதே நாளில் இதுவும் மூழ்கியது. ஹேர்மிஸ் 50 மீற்றருக்கும் கீழே கிடப்பதால் எம்மைப் போன்றோருக்கு எட்டாது. இது ஏறத்தாழ 24 மீற்றரில் இருக்கிறது. ஆயினும் 18 மீற்றருக்குக் கீழே இறங்க அனுமதிக்காத தொடக்கச் சான்றிதழ் இதற்குப் போதாது.

என் முடிவைத் தீர்மானித்தது சிலிண்டரிலுள்ள காற்றுத்தான். 12 லீற்றர் சிலிண்டரை 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பி, 50 பாரை மேலேறுவதற்கென ஒதுக்கினால், செலவிட 1,800 லீற்றர் காற்று மிஞ்சும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லீற்றர் சுவாசிக்கும் ஒருவருக்கு, காயங்கேணியில், அழுத்தம் 1.8 பாராக இருக்கும் 8 மீற்றர் ஆழத்தில் 36 லீற்றர் தேவைப்படும். ஆகவே 50 நிமிடங்கள் தங்கலாம். கப்பலின் ஆழத்தில் அழுத்தம் 3.4 பாராகிவிடுவதால் 68 லீற்றர் செலவாகும். 26 நிமிடங்களில் காற்று தீர்ந்துவிடும், இறங்கும் நேரமும் அதற்குள்தான் அடக்கம். நான் கப்பலின் ஒரு பக்கத்தைக்கூடப் பார்த்து முடிக்கவில்லை. அதற்குள் மேலேறச் சொல்லி வழிகாட்டி பெருவிரலை உயர்த்திவிட்டார்.

முருகைக்கற்களுக்குள் வாழும் நுண்பாசிகளுக்கு வெயில் வேண்டும் என்பதால் பாறை ஆழம் குறைந்த இடத்திலேயே செழிக்கிறது. அதே ஆழமே நமக்கும் நேரத்தைக் கூட்டித் தருகிறது. காயங்கேணியில் ஒரே கிளைக்கல்லின் முன் பத்து நிமிடம் மிதந்தேன். நிழல் பட்டதும் இளநீல மீன்குஞ்சுகள் ஒரேயடியாகக் கிளைகளுக்குள் ஒடுங்கின. மூச்சை மெல்ல விட்டபோது ஒவ்வொன்றாக வெளிவந்தன. கிளிமீன் கல்லைக் கொறிக்கும் ஓசை காதில் தெளிவாகக் கேட்டது. கிளைகளின் நுனி வெண்மையாக இருந்தால் அஞ்ச வேண்டாம், அது வளரும் நுனி. கிளை முழுவதும் வெளிறியிருந்தால்தான் கடல் சூடேறியதன் பாதிப்பு என்று சந்தேகிக்க வேண்டும்.

பெரிய களவாய்களையும் பாரைக் கூட்டங்களையும் விரும்புவோருக்குக் கப்பலே பொருத்தம் என்பதை மறுக்கமாட்டேன். அங்கு நான் இறங்கியது ஒரே தடவை, அதுவும் நீர் கலங்கியிருந்த நாளில். எனவே அதன் தெளிவைப் பற்றிய என் கருத்துக்கு அதிக எடை கொடுக்க வேண்டாம். இரண்டுக்கும் ஏற்ற காலம் ஒன்றே: மே முதல் செப்டெம்பர் வரை. வாடை தொடங்கினால் கடல் குழம்பிவிடும்.

சான்றிதழ் பெற்ற என் மருமகன், “மாமா, வரும் மே மாதத்தில் முதலில் கப்பலுக்குப் போவோம்” என்கிறான். அவனை முதலில் காயங்கேணிக்கே கூட்டிச் செல்வேன். துடுப்பு கல்லில் படாமல் மிதக்க அங்கு பழகட்டும்.